கரடிச் சுற்று: 82 கிலோமீட்டர், ஐந்து நாள்

ஆகஸ்ட் 31, கூசாமோ

பின்லாந்தின் வடகிழக்கு மூலையில், ரஷ்ய எல்லையை ஒட்டி, ஹவுதயார்வியிலிருந்து ருக்கா வரை போகும் பாதைக்குக் கர்ஹுன்கியெர்ரோஸ் என்று பெயர். கரடிச் சுற்று என்று பொருள். பெயரில்தான் சுற்று. உண்மையில் இது வடக்கிலிருந்து தெற்கே இறங்கும் ஒற்றைத் தடம், நீளம் 82 கி.மீ. பெரும்பகுதி, 1956-இல் அமைக்கப்பட்ட ஓலங்கா தேசியப் பூங்காவுக்குள் போகிறது.

திட்டமிடும்போது பலரும் செய்யும் பிழை, 82-ஐ நாட்களால் சமமாக வகுப்பது. நான்கு நாளென்றால் தினம் இருபது, கணக்கு முடிந்தது என்று கிளம்புகிறார்கள். ஆனால் இந்தப் பாதையின் கடினம் சமமாகப் பரவியிருக்கவில்லை. முதல் அறுபது கிலோமீட்டர் ஆற்றோரமும் சதுப்பும் பைன் காடுமாகப் பெரும்பாலும் சமதளம். ஏற்ற இறக்கமெல்லாம் கடைசி இருபதில் குவிந்து கிடக்கிறது. ஆகவே என் கணக்கு: முதல் மூன்று நாளில் தூரத்தை முடித்துவிட வேண்டும், நான்காம் நாள் குறைவாக நடக்க வேண்டும், ஐந்தாம் நாளைக் குன்றுகளுக்கென்றே விட்டுவைக்க வேண்டும்.

பொதியின் எடை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. நீரில்லாத உலர் உணவாக ஆளுக்கு நாளொன்றுக்கு 600 கிராம் போதும். ஓட்ஸ், பருப்பு, வறுத்த ரவை, உலர்பழம், வெண்ணெய், ரை தானிய ரொட்டி. சமைக்க 230 கிராம் எரிவாயுக் குப்பி ஒன்று, ஐந்து நாளுக்கு ஒருவருக்குச் சரியாக வரும். இதை விமானத்தில் கொண்டுவர முடியாது, பக்கத்து ஊரான கூசாமோவிலோ ருக்காவிலோ வாங்கிக்கொள்ள வேண்டும்.

தொடக்க முனைக்குப் பேருந்து அரிது, நாளைப் பொறுத்து இல்லாமலும் போகலாம். நடையை எந்தக் கிழமையில் தொடங்குவது என்பதைப் பேருந்து அட்டவணையைப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். வடக்கிலிருந்து நடப்பதுதான் நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். முடியும் இடமான ருக்கா பனிச்சறுக்கு ஊர். அங்கே கடை, விடுதி, வண்டி எல்லாம் உண்டு. களைத்து வந்து சேரும் கால்கள் பேருந்துக்காகக் காட்டோரம் காத்திருக்க வேண்டாம்.

செப்டம்பர் 1, ஹவுதயார்வி முதல் சவிலம்பி வரை, சுமார் 17 கி.மீ.

ஆர்க்டிக் வட்டக் கோட்டின்மேல் நின்றுதான் நடை தொடங்குகிறது. சூரியன் காலை ஆறு மணியையொட்டி எழுந்து இரவு எட்டுக்குப் பிறகு விழுகிறது. பதினான்கு மணி நேர வெளிச்சம் இருப்பதால் அவசரம் தேவையில்லை.

வழி தவறுவது கடினம். மரங்களில் ஆரஞ்சு நிறப் பூச்சு அடையாளம் தொடர்ந்து வரும். இரண்டு நிமிடம் நடந்தும் அடுத்த ஆரஞ்சு கண்ணில் படவில்லையென்றால், கடைசியாகப் பார்த்த மரத்துக்கே திரும்பிவிட வேண்டும். கலைமான் தடங்கள் மனிதத் தடம் போலவே தேய்ந்திருக்கும். ஆளை ஏமாற்றுவது பெரும்பாலும் அவைதான்.

முதல் நாளின் பாடம் பித்கோஸ்புவுத். சதுப்பின்மேல் இரண்டு பலகைகளை இணையாகப் போட்ட ஒற்றையடிப் பாதைக்கு இங்கே அதுதான் பெயர். காய்ந்திருந்தால் தார்ச்சாலைபோல் சுகம். மழை பெய்தாலோ, காலையில் உறைபனி படிந்தாலோ சோப்புத் தேய்த்ததுபோல் வழுக்கும், ஏனென்றால் பழைய பலகையின்மேல் மெல்லிய பாசிப் படலம் ஏறியிருக்கிறது. அடியைச் சிறிதாக்கி, பாதத்தைத் தட்டையாக வைத்து, பலகையின் நடுவில் மிதியுங்கள். அடியில் குறுக்குக் கட்டை இருக்கும் இடத்தில் பலகை வளையாது, மிதிக்க அதுவே நல்ல இடம். கைத்தடியை இரு பலகைக்கு நடுவிலுள்ள இடுக்கில் ஊன்றினால் முனை சிக்கிக்கொள்ளும், ஆள் முன்னே போவார், தடி பின்னே நிற்கும். பலகைமேல் நடக்கும்போது தடிகளை ஒரு கையில் சேர்த்துப் பிடிப்பதே மேல். முனை உடைந்த பலகையின் நுனியில் மிதித்தால் மறுமுனை தூக்கும், உடைந்ததை ஓர் அடி தள்ளியே தாண்டுங்கள்.

சவினாயோகி ஆற்றை ஒட்டி இறங்கும் வழியில் ஓலங்காவின் செங்குத்துப் பள்ளத்தாக்கைப் பார்க்க ஒரு கிளைப்பாதை பிரிகிறது. பொதியோடேனும் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டிய இடம்.

சவிலம்பியில் அவுதியோதுபா இருக்கிறது. பூட்டில்லாத, கட்டணமில்லாத காட்டுக் குடில். மரப்பலகைத் திண்ணையில் எல்லோரும் வரிசையாகப் படுக்க வேண்டும். மெத்தை இல்லை, மின்சாரம் இல்லை. இதன் எழுதாச் சட்டம் அழகானது: கடைசியாக வந்தவருக்கே முதல் உரிமை. முன்னால் வந்தவர் உலர்ந்து, உண்டு, ஓய்ந்திருப்பார். இருட்டில் நனைந்து வருபவருக்குத்தான் கூரை அவசியம். இடம் போதாவிட்டால் முன்னவர் வெளியே கூடாரத்துக்குப் போகிறார். அதனால்தான் குடிலை நம்பி வந்தாலும் கூடாரம் பொதியில் இருந்தே ஆகவேண்டும். ஓரிரு இரவுக்குமேல் தங்குவது முறையல்ல.

செப்டம்பர் 2, சவிலம்பி முதல் அன்சகாம்ப்பா வரை

தூரத்தை விழுங்க வேண்டிய நாள் இதுதான். பாதை மென்மையானது, பைன் ஊசிகள் மெத்தைபோல் கிடக்கின்றன.

பெயர்ப்பலகைகள் நீளமாக இருக்கின்றன என்று மிரள வேண்டாம். பின்னொட்டைப் படிக்கத் தெரிந்தால் போதும், நிலமே பேசும். யோகி என்றால் ஆறு, யார்வி என்றால் ஏரி, லம்பி குளம், கோஸ்கி ஆற்றின் பாய்ச்சல், சுவந்தோ அதே ஆறு அடங்கி நிற்கும் இடம், கல்லியோ பாறை, வாரா காடு மூடிய குன்று. நாளைய வரைபடத்தில் எத்தனை வாரா இருக்கின்றன என்று எண்ணிவிட்டே இரவில் படுக்கலாம். க்யோங்காஸ் என்று முடிந்தால் கோஸ்கியைவிடச் சீறிப் பாயும் நீர் என்று பொருள். இன்று அப்படி இரண்டு வருகின்றன.

முதலாவது தைவல்க்யோங்காஸ். ஆறு ஒரு தீவால் பிளந்து இறங்குகிறது, தொங்கு பாலங்களில் கடக்க வேண்டும். பாலத்தின் தலைப்பில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் போகலாம் என்று எழுதியிருக்கும். அந்த எண்ணுக்குக் கட்டுப்படுங்கள். ஒருவர் நடுவில் இருக்கும்போது இன்னொருவர் ஏறினால் இரண்டு நடையும் ஒத்திசையாமல் பாலம் பக்கவாட்டில் ஆடும். கம்பியைப் பிடித்து, எதிர்க்கரையைப் பார்த்து நடந்தால் தலை சுற்றாது.

இரண்டாவது கியுதக்யோங்காஸ், ஓலங்காயோகியின் பெரும் பாய்ச்சல். செந்நிற டோலமைட் பாறைச் சுவர் நீரை நெருக்குகிறது. சுண்ணாம்புச் சத்துள்ள இந்த மண்ணால்தான் வடக்கில் அரிதான செடிகள் பல இங்கே பிழைக்கின்றன. பூங்காவின் சின்னமான கலிப்சோ ஆர்க்கிட் அவற்றில் ஒன்று. அது ஜூனில் பூக்கும், செப்டம்பரில் தேடிப் பயனில்லை. பாறை விளிம்பில் ஈரத்தோடு நிற்காதீர்கள்.

அருகில் பூங்காவின் வரவேற்பு மையம். பருவத்தில் காபியும் சூடான உணவும் கிடைக்கும். காலில் கொப்புளம் கிளம்பியிருந்தால் நடையை முறிக்க ஏற்ற இடமும் இதுவே, சாலை இங்கே வந்து தொடுகிறது. இதன் பின் சில மணி நேரத்துக்குச் சாலை கிடையாது.

கொப்புளத்தைப் பற்றி ஒரு சொல். அது உருவாவது உராய்வால் மட்டுமல்ல, ஈரத்தால் ஊறிய தோலால். நண்பகலில் ஒருமுறை காலணியைக் கழற்றி, பாதத்தைப் பதினைந்து நிமிடம் காற்றில் ஆறவிட்டு, காலுறையை மாற்றினாலே பாதித் தொல்லை தீரும். தோல் சூடாகத் தொடங்கிய நொடியே பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். கொப்புளம் எழுந்தபின் ஒட்டுவது வெறும் ஆறுதல்.

செப்டம்பர் 3, அன்சகாம்ப்பா முதல் யூராவா வரை

இரவில் உறைநிலையைத் தொட்டுவிடும் குளிர். எரிவாயுக் குப்பியைத் தூக்கப் பைக்குள் வைத்துப் படுப்பது நல்லது. குளிர்ந்த குப்பியில் அழுத்தம் குறைந்து சுடர் சோம்பும்.

குடிலில் கமினா எனும் இரும்பு அடுப்பு உண்டு. பூங்காவைப் பராமரிக்கும் அரசு அமைப்பான மெட்ஸாஹல்லிதுஸ் விறகையும் கொடுத்து வைத்திருக்கிறது. பற்ற வைக்குமுன் புகைபோக்கியின் தகட்டைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் குடில் முழுக்கப் புகை. மூடும்போதுதான் உயிர் ஆபத்து. கங்கில் நீலச் சுடரோ செம்மையோ மிச்சமிருக்கையில் சூட்டைக் காக்கத் தகட்டை மூடினால், மணமில்லாத கார்பன் மோனாக்சைடு அறைக்குள் திரும்பும். கங்கு கறுத்து அணைந்த பிறகே மூடுங்கள். சந்தேகமாக இருந்தால் திறந்தே விடுங்கள், குளிர் ஒரு போர்வையோடு தீரும். கிளம்புமுன் அடுத்தவருக்குக் கொஞ்சம் சுள்ளி பிளந்து உள்ளே உலர வைத்துவிட்டுப் போவது இங்கத்திய மரபு.

வெளியே தீ மூட்டுவது குறிக்கப்பட்ட அடுப்பிடங்களில் மட்டும். காட்டுத்தீ எச்சரிக்கை அமலில் இருந்தால் திறந்த அடுப்பிடத்திலும் கூடாது. ஆகவே விறகை நம்பி எரிவாயுவை விட்டுவருவது தவறு. குப்பையும் அப்படித்தான்: தொட்டி கிடையாது, கொண்டு வந்ததெல்லாம் திரும்பப் பொதியில்.

குல்மக்கயார்வி ஏரிக்கரையில் யுஸ்ஸின்காம்ப்பா குடில். கரையோரப் பாதையில் ஸ்புரூஸ் மர வேர்கள் பின்னிக் கிடக்கின்றன. இங்கே மண் ஆழமில்லை, அதனால் வேர் கீழே போகாமல் பக்கவாட்டில் ஓடுகிறது. பட்டை உரிந்து வழவழப்பான ஈர வேரில் சாய்வாக மிதிப்பதுதான் கணுக்கால் சுளுக்குக்கு நேர் வழி. வேரைத் தாண்டி மண்ணில் மிதியுங்கள்.

நீருக்குக் கவலையில்லை. ஓடும் நீரில் எடுத்துக் காய்ச்சினால் போதும். அவுரிநெல்லியும் லிங்கன் பெர்ரியும் பாதையின் இருபுறமும் கனிந்திருக்கின்றன. தேசியப் பூங்காவுக்குள்ளும் பறித்துத் தின்ன எல்லோருக்கும் உரிமை உண்டு. இந்த நாட்டுச் சட்டத்தில் என் மனதுக்கு மிக நெருக்கமானது அது.

பாஹ்கானாகல்லியோ பாறைமுகப்பில் நின்றால் கீழே கித்காயோகி வளைந்து போவது தெரிகிறது. அதன்பின் ஹர்ரிசுவந்தோ தொங்கு பாலம், அப்புறம் ஒன்பது மீட்டர் உயர யூராவா அருவி. அருவியருகே சீலஸ்துபா குடில். பகல் நடைக்காரர்கள் வரும் 12 கி.மீ. சிறுசுற்றும் இங்கே கலப்பதால் கூட்டம் இருக்கும். மாலை ஆறுக்குமேல் அமைதி.

செப்டம்பர் 4, யூராவா முதல் பொரொந்திமயோகி வரை

வேண்டுமென்றே குறுகிய நாள். மில்லிகோஸ்கியில் பழைய நீராலை, பிறகு யூமா. அங்கே இருக்கும் ஓரிரு கடைகளும் பருவம் முடிந்தால் மூடிவிடும், அவற்றை நம்பி உணவைக் குறைக்க வேண்டாம்.

யூமாவில் மதியமே வந்துவிட்டவர்களுக்கு ஓர் ஆசை வரும்: இன்னும் வெளிச்சம் இருக்கிறது, இன்றே முடித்துவிடலாமே. மிச்சம் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். அந்த ஆசைக்கு இணங்கியவர்கள் பலர் அந்தியில், களைத்த முழங்காலோடு, மிகச் செங்குத்தான இறக்கத்தில் சிக்குகிறார்கள். பொரொந்திமயோகி குடிலோடு நின்றுவிடுங்கள். காலுறைகளைத் துவைத்துக் காய வையுங்கள், பொதியை நாளைக்கு மறுபடி கட்டுங்கள். கனமான பொருள் முதுகை ஒட்டி, தோளெலும்புகளுக்கு இடையில் வர வேண்டும். கீழே இருந்தால் ஏற்றத்தில் பின்னுக்கு இழுக்கும், உச்சியில் இருந்தால் இறக்கத்தில் முன்னுக்குத் தள்ளும்.

செப்டம்பர் 5, பொரொந்திமயோகி முதல் ருக்கா வரை, சுமார் 17 கி.மீ.

சமதளத்தில் மணிக்கு நான்கு கிலோமீட்டர் போனவர் இன்று இரண்டரை என்று கணக்கிடட்டும். எட்டு மணிக்குள் கிளம்புவது நலம். இரண்டு லிட்டர் நீர் நிரப்பிக்கொள்ளுங்கள். குன்றுகளின் தலையில் ஓடை இல்லை, நான்கு நாள் ஆற்றோரம் நடந்த பழக்கத்தில் பலரும் இதை மறக்கிறார்கள்.

கும்புவாரா, கொந்தைனென், வல்தவாரா என்று ஏறி இறங்கி ஏறுகிறது. ஏதோ ஒரே மலை என்று நினைத்து முதல் ஏற்றத்திலேயே மூச்சைச் செலவழித்தால் கொந்தைனெனில் கால் நடுங்கும். பேச முடிகிற வேகத்தில் ஏறுங்கள், பேச்சு அறுந்தால் வேகம் அதிகம். கொந்தைனென் உச்சியில் பிர்ச் மரங்களின் மஞ்சளும் அவுரிநெல்லிச் செடியின் சிவப்பும் ஏரிகளுக்கு நடுவே பரவத் தொடங்கிவிட்டன. ருஸ்கா என்று பின்லாந்தியர் கொண்டாடும் இந்த நிறமாற்றம் இன்னும் ஒரு வாரத்தில் உச்சத்துக்கு வரும். கொசுவும் கடியீயும் அடங்கி, நிறம் எழும் இந்த இரண்டு வாரத்துக்கு ஈடான பருவம் இந்தப் பாதைக்கு வேறில்லை.

உச்சியில் வியர்வையோடு நின்று படமெடுக்கத் தொடங்கினால் காற்று ஐந்தே நிமிடத்தில் உடலை நடுக்கிவிடும். முதலில் மேல்சட்டை, பிறகு படம்.

வல்தவாரா 492 மீட்டர். உச்சியில் சிறு பகல்குடில், காற்றுக்கு ஒதுங்க உதவும். இங்கிருந்து இறங்குவதுதான் முழங்காலின் சோதனை. தடிகளைப் பத்து சென்டிமீட்டர் நீட்டி, முதலில் தடி, பிறகு கால் என்று இறங்குங்கள். முழங்காலை விறைக்காமல் சற்று மடித்தே வைக்க வேண்டும். விறைத்த காலில் ஒவ்வோர் அடியும் மூட்டில் இடிக்கும்.

எங்கேனும் கால் பிசகி நகர முடியாமல் போனால் அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள். பின்லாந்தின் 112 கைபேசிச் செயலி வழியே அழைத்தால் இருக்குமிடம் தானாகப் போய்ச் சேரும். பள்ளத்தில் சிக்னல் விட்டுவிட்டு வரும், மேட்டுக்கு ஏறினால் கிடைக்கும். குளிர் மின்கலத்தைத் தின்னும், கைபேசி உள்சட்டைப் பையில் இருக்கட்டும்.

இதன்பின் கடைசி ஏற்றம் ருக்காவே. பனிச்சறுக்குச் சரிவுகளும் தூக்கி வண்டிக் கம்பங்களும் கண்ணில் படும்போது முடிந்தது என்று கால் தளர்கிறது. ஆனால் ஊருக்குள் இறங்கும் அந்தச் சரளைச் சரிவில்தான் கடைசி வழுக்கல் காத்திருக்கிறது. தடிகளை அதுவரை மடக்காதீர்கள்.