பத்து கிளப் போதும்

ஒசாகாவில், ஜவுளி இயந்திரங்களுக்கு உதிரிபாகம் விற்கும் ஒரு கம்பெனியில் எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை. கோவையிலிருந்து நூற்பாலை முதலாளிகள் வருவார்கள். ஆலையைச் சுற்றிக் காட்டுவது, ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்வது எல்லாம் எதிர்பார்த்ததுதான். விருந்தினரோடு கோல்ஃப் மைதானத்தில் அரை நாள் நடப்பதும் இந்த வேலையில் சேர்த்தி என்பது பிறகுதான் தெரிந்தது. நான் ஆடுவதில்லை. கூடவே நடந்து, இரு தரப்பும் பேசுவதை மாற்றி மாற்றிச் சொல்வேன். பந்து புதருக்குள் போனால் "பரவாயில்லை" என்பதை இரண்டு மொழியிலும் சொல்வேன்.

ஜப்பானில் இந்த ஆட்டத்துக்கென்று ஒரு சடங்கே உண்டு. பெரும்பாலான மைதானங்களில் ஒன்பது குழி முடிந்ததும் எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மீதி ஒன்பதையும் ஆடிவிட்டுப் பொதுக் குளியலறையில் வெந்நீரில் ஊறிக் குளிக்க வேண்டும். போதாததற்கு, ஆடுபவர் தலைக்கு ஒரு வரியும் உண்டு. பொதுவாக 800 யென், அதிகபட்சம் 1,200. எண்பதுகளின் கடைசியில், பணம் கொழித்த காலத்தில், உறுப்பினர் உரிமையைப் பங்குபோல வாங்கி விற்றார்கள். அந்தக் காலத்தில் எழுந்த கிளப்ஹவுஸ்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். பளிங்குத் தரை, சரவிளக்கு, நம் ஊர்க் கல்யாண மண்டபமேதான். அவற்றுக்கு முன்பே, 1974-இல், ஒய்தா நகரில் ஃபுஜிமி கிளப்புக்குக் கட்டடம் கட்டிய அராதா இசோசாகி அதை மேலிருந்து பார்த்தால் கேள்விக்குறியாகத் தெரியும்படி அமைத்தார். ஜப்பானியர்களுக்கு ஏன் இத்தனை கோல்ஃப் பைத்தியம் என்பதுதான் கேள்வி. எனக்கும் அதே கேள்விதான்.

அதனால்தான் கோபே கோல்ஃப் கிளப் எனக்குப் பிடித்துப்போயிற்று. கோபே நகருக்குப் பின்னால் நிற்கும் ரோக்கோ மலையின் மேல் இருக்கிறது. ஜப்பானின் முதல் கோல்ஃப் மைதானம் இதுதான். ஆர்தர் க்ரூம் என்ற ஆங்கிலேயத் தேயிலை வியாபாரி 1901-இல் தன் நண்பர்களோடு மலைமேல் நாலு குழி வெட்டி விளையாடத் தொடங்கினார். 1903-இல் அது ஒன்பது குழியாகி, கிளப்பாகவும் ஆனது. அடுத்த ஆண்டே பதினெட்டு. ஆரம்பத்தில் கிரீன், அதாவது குழியைச் சுற்றியிருக்கும் தளம், எல்லாம் புல் இல்லை, மணல்.

இத்தனை பெயர் பெற்ற இடம் எவ்வளவு சின்னது என்று பார்த்தால் சிரிப்பு வரும். பதினெட்டு குழிக்கும் சேர்த்து 4,049 கெஜம். பார், அதாவது ஆடி முடிக்க வகுத்த அடிகளின் கணக்கு, 61. மற்ற இடங்களில் பார் 72 வழக்கம், நீளமும் 7,000 கெஜத்தைத் தொடும். இங்கே பதினொரு குழியாவது பார் 3 ஆக இருந்தால்தான் கணக்கே சரிவரும். தூரம் குறைவு என்று அலட்சியமாக வந்தால் மேடும் பள்ளமும் முழங்காலைப் பதம் பார்க்கும். பேட்டரி வண்டி கிடையாது, கேடிதான் பையைச் சுமக்க வேண்டும். விதிப்படி 14 கிளப், அதாவது பந்தடிக்கும் மட்டை, வைத்துக்கொள்ளலாம், இங்கே பத்துதான் அனுமதி.

எங்கள் கோவை விருந்தினர் பளபளக்கும் பையோடு வந்திருந்தார். எங்கள் புச்சோ, அதாவது துறைத் தலைவர், பத்துக்கு மேல் கூடாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன். அவர் பையைத் தரையில் சாய்த்து, எதை எடுப்பது என்று நிதானமாகப் பார்த்தார். "நாலு எச்சா வெச்சிருந்தா அதைத் தூக்கறவனுக்குத்தானுங்க பாரம், நமக்கென்ன," என்று சொல்லிவிட்டு நான்கை எடுத்து என் கையில் கொடுத்தார். கேடி அம்மாவிடம் இதை அப்படியே சொன்னேன். அன்று முழுக்க விருந்தினருக்குத்தான் நல்ல கவனிப்பு.

கிளப்ஹவுஸ் 1932-இல் கட்டியது. மலைக்கு ஏறும் ரோக்கோ கேபிள் ரயிலும் அதே ஆண்டு ஓடத் தொடங்கியதுதான். வடிவமைத்தவர் வில்லியம் மெரெல் வோரிஸ். 1905-இல் அமெரிக்காவிலிருந்து ஓமி ஹாச்சிமான் என்ற ஊருக்கு ஆங்கில ஆசிரியராக வந்தவர், பைபிள் வகுப்பு நடத்தியதால் வேலை போனது. அப்புறம் பிழைப்புக்குக் கட்டடம் வரையத் தொடங்கி, கான்சாய் பக்கம், அதாவது ஒசாகா, கோபே வட்டாரத்தில், பள்ளி, தேவாலயம், கல்லூரி என்று கட்டித் தள்ளினார். மெந்தோலேட்டம் களிம்பை ஜப்பானில் விற்றதும் அவர் தொடங்கிய அமைப்புதான். படிக்கட்டு ஏறும்போது மூச்சு வாங்கக் கூடாது என்று படிகளைத் தாழ்வாக வைப்பது அவர் வழக்கம். கட்டடத்துக்குள் நுழைபவரின் உடம்பை நினைத்து வரைந்த மனுஷர்.

இந்தக் கிளப்ஹவுஸும் ஒரு மலைவீடுதான், மாளிகை இல்லை. மரம், கல், பெரிய கணப்பு, அவ்வளவுதான். பனிமூட்டம் இறங்கி ஆட்டம் நின்றபோது உள்ளே வந்து உட்கார்ந்தோம். விருந்தினர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, இது நம்ம கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பாட்டவே இருக்குதுங்களே," என்றார். அவர் சொன்னது தப்பில்லை. கொடைக்கானல் கிளப் 1895-இல் ஆரம்பித்தது. க்ரூம் ரோக்கோவில் வீடு கட்டிக்கொண்டதும் அதே ஆண்டுதான். வெயில் தாங்காத ஆங்கிலேயர்கள் எங்கே போனாலும் மலையில் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

இதே ஹ்யோகோ மாநிலத்தில் இதே 1932-இல்தான் ஹிரோனோ கோல்ஃப் கிளப்பும் திறந்தது. சார்லஸ் அலிசன் வரைந்த மைதானம், உலகத் தரவரிசைகளில் எப்போதும் பேசப்படுவது. அங்கே கிளப்ஹவுஸ் வதானாபே செத்சுவின் வேலை. ஒசாகாவில் பஞ்சாலைக்காரர்களுக்கு மெங்யோ கைகான் மாளிகையைக் கட்டியவர் அவர். கௌரவத்துக்கு ஹிரோனோ, சரி. ஆனால் பேச்சு சுலபமாக ஓட வேண்டுமென்றால் நான் ரோக்கோவைத்தான் சொல்வேன். பனி விலகும்வரை போக வேறு இடமில்லை, அறையும் சின்னது. புச்சோ தன் அப்பா தறியில் வேலை பார்த்ததைச் சொன்னார். விருந்தினர் தன் தாத்தா பஞ்சு மூட்டை ஏற்றியதைச் சொன்னார். மொழிபெயர்க்க வேண்டிய வாக்கியங்கள் குட்டி குட்டியாக வந்தன. விலையைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

சாப்பாட்டில் மட்டும் என் வேலை கூடிற்று. விருந்தினர் சுத்த சைவம். சூப்பில் மீன் சாறு இருக்கிறதா என்று சமையலறையில் கேட்டேன், இருந்தது. கடைசியில் ரொட்டியும் உருளைக்கிழங்கும் காபியும்தான்.

ஆர்டர் சில மாதம் கழித்து வந்தது, நாங்கள் எதிர்பார்த்ததில் பாதி. புச்சோ அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அடுத்து வரும் விருந்தினருக்கு கோல்ஃப் தெரியுமா, மீன் சாப்பிடுவாரா என்று மட்டும் கேட்டுவைக்கச் சொன்னார்.