ஈரநிலத்தில் நடையும் கயாக்கும்

கயாக் என்னும் ஒடுங்கிய சிறு துடுப்புப் படகை ஓட்டப் பழகியதும் நேராக ஈரநிலப் பூங்காவின் நீர்வழிகளுக்குள் இறங்கிவிடாமல், முதலில் அதன் கரைகளை நடந்தே பார்த்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். நாணலுக்கும் சம்புக்கும் நடுவே நீர் எங்கே திறந்திருக்கிறது, எந்த வாய்க்காலை ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது, பறவைகள் எந்தப் பக்கம் ஒதுங்குகின்றன என்று கரையில் நின்று குறித்துவைத்தது பிறகு மிகவும் பயன்பட்டது. கயாக்கில் உட்கார்ந்தால் ஆளுயர நாணலுக்கு அப்பால் ஒன்றும் தெரிவதில்லை. வறண்ட மாதங்களில் நான் நடந்து கடந்த ஒரு பள்ளத்தில் மழைக்குப் பிறகு துடுப்புப் போட்டுச் சென்றபோது, ஈரநிலங்களைக் காப்பதற்காக நாடுகள் செய்துகொண்ட 1971-ஆம் ஆண்டின் ராம்சார் உடன்படிக்கை அவ்வப்போது மட்டும் நீர் நிற்கும் இடங்களையும் ஈரநிலமாகவே கொள்வதன் பொருத்தம் நன்றாக விளங்கியது.

கயாக் ஒரு சாண் ஆழத்திலும் மிதந்துவிடும். துடுப்புக்குத்தான் அந்த ஆழம் போதாது. துடுப்பின் தட்டையான முனை அடியில் பட்டவுடன் கரிய சேறு புகைபோல் எழுந்து, குமிழிகள் வரிசையாக மேலே வந்து உடைய, அழுகிய முட்டையின் நாற்றம் மூக்கைத் துளைக்கும். காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிரிகள் இலைதழைகளைச் சிதைக்கும்போது உண்டாகும் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அவை. ஆகவே, ஆழமற்ற இடங்களில் துடுப்பைச் செங்குத்தாக ஊன்றாமல், ஏறக்குறையப் படுக்கைவாட்டில் பிடித்து நீரின் மேற்பரப்பை மட்டும் தள்ளப் பழகினேன். நீளமான கயாக் நேராகப் போவதில் கெட்டிதான், ஆனால் திரும்புவதற்கு இடம் கேட்கும். குறுகிய வாய்க்காலில் அது கிடைக்காது என்பதால், பின்னோக்கித் துடுப்புப் போடுவதைத் திறந்த நீரிலேயே தேர்ந்துகொள்வது நல்லது. லைஃப் ஜாக்கெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. போகும்போது காற்றை எதிர்த்துப் போனால், களைத்துத் திரும்பும்போது அதே காற்று உதவும்.

பறவைகளை எண்ணுவதற்கு நடைதான் ஏற்றது. ஆடும் படகில் பைனாகுலர் நிலைகொள்ளாது. அருகில் பார்ப்பதற்குக் கயாக். நிமிர்ந்து நடப்பவரைக் கண்டு தொலைவிலேயே எழுந்துவிடும் கொக்கு, தாழ உட்கார்ந்து மெல்ல வருபவரைச் சற்று நேரம் பொறுத்துக்கொள்கிறது. இந்தச் சலுகைதான் எனக்குக் கவலையும் தருகிறது. முக்குளிப்பான் நீர்த்தாவரங்களைக் குவித்து மிதக்கும் கூடு கட்டுகிறது. கூட்டைவிட்டு நீங்கும்போது முட்டைகளைத் தழைகளால் மூடிவைக்கும் அந்தப் பறவை, அவசரமாகக் கிளம்ப நேர்ந்தால் மூடாமலே போய்விடக்கூடும். கால் எட்டாத இடம் என்பதால்தான் அது அங்கே கட்டுகிறது, கயாக்கோ அங்கேயும் எட்டிவிடுகிறது. இரை தேடும் பறவை தலையை உயர்த்தி அசையாமல் நின்றால், துடுப்பை நிறுத்திப் பின்வாங்கிவிடுகிறேன். கூடு கட்டும் பருவம் முடியும்வரை நாணல் அடர்ந்த வாய்க்கால்களுக்குள் கயாக்கைக் கொண்டுபோவதில்லை; கரையிலிருந்தபடி குஞ்சுகளை எண்ணுவதோடு சரி.