லிண்ட் விதியைப் பொதுவாக்கும் முன் வரிமுடிவைச் சரி பண்ணுங்க

நாகர்கோவிலில் ரெண்டு பேர், மார்த்தாண்டத்தில் ஒருத்தர், தக்கலையில் வீட்டிலிருந்தே ஒருத்தர். நம்ம மாவட்டத்துச் சின்ன சாஃப்ட்வேர் டீம்கள் பலதும் இப்படித்தான். மூணு விண்டோஸ், ஒரு மேக். ஒரே ஒரு வரியைத் திருத்தினாலும் புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கும் இடம்) கோப்பு முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக வந்தால், முதல் சந்தேகம் வரிமுடிவு மேல்தான், அதாவது ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் குறி. விண்டோஸில் சிஆர்எல்எஃப், மேக்கில் எல்எஃப்.

கிட் (கோடின் மாற்றங்களைப் பதிவு பண்ணும் கருவி) படிக்கும் கிட்-அட்ரிபியூட்ஸ் (.gitattributes) கோப்பில் எல்லாவற்றுக்கும் எல்எஃப் என்று ஒரு வரி போட்டு, கிட் ஆட் கட்டளையை ரீநார்மலைஸோடு (git add --renormalize .) ஓட்டுங்க. ஏற்கெனவே லேப்டாப்பில் கிடக்கும் கோப்புகள் இதனால் மாறாது. ரெப்போவை (கோடு மொத்தமும் இருக்கும் கிட் களஞ்சியம்) புதுசா க்ளோன் எடுப்பதுதான் லேசு. கோடை ஒரே மாதிரி அடுக்கும் பிரெட்டியரில் 2.0 முதலே எல்எஃப்தான் இயல்பு, அதை ஆட்டோவுக்கு மாற்றாதீங்க.

வடிவத்தைப் பிரெட்டியர் பார்க்கட்டும், பிழையை இஎஸ்லிண்ட் (ஜாவாஸ்கிரிப்ட் கோடில் தப்பைச் சுட்டும் லிண்டர்) பார்க்கட்டும். ரெண்டும் அரைப்புள்ளியில் மோதாமல் இருக்க, மோதும் இஎஸ்லிண்ட் விதிகளை அணைக்கும் இஎஸ்லிண்ட்-கான்ஃபிக்-பிரெட்டியர் அமைப்புக் கோப்பில் கடைசியில் வரணும். விதிகளை ரெப்போவுக்கு ரெப்போ காப்பி அடிக்க வேண்டாம்; ஒரு பிரைவேட் என்பிஎம் பேக்கேஜ் போதும். இஎஸ்லிண்ட் 9-இன் ஃபிளாட் கான்ஃபிக்கில் (அதன் அமைப்புக் கோப்பு) அந்தப் பேக்கேஜ் ஒரு அரேயைக் கொடுத்தால் முடிந்தது. பிரெட்டியர் பதிப்பு எண்ணுக்கு முன்னால் கேரட் குறி (^, புதுப் பதிப்பையும் ஏற்கும்) போடாதீங்க. பதிப்பு கொஞ்சம் நகர்ந்தாலே ஒவ்வொரு லேப்டாப்பிலும் ஒவ்வொரு மாதிரி ஃபார்மட் ஆகலாம்.

தமிழ் எழுத்து வரும் புராஜெக்டில் ஒரு விதியை மட்டும் அணைக்கவே கூடாது: நோ-மிஸ்லீடிங்-கேரக்டர்-கிளாஸ். சதுர அடைப்புக்குள் 'கு' மாதிரி குறி சேர்ந்த எழுத்து வந்தால் அது எச்சரிக்கும். பஸ் நிறுத்தத் தேடலில் குளச்சலும் குலசேகரமும் வரட்டும் என்று ரெஜெக்ஸில் (தேடும் எழுத்து வடிவம்) /^[கு]/ எழுதினால் கருங்கல், கன்னியாகுமரி எல்லாம் சேர்ந்து வரும். அடைப்புக்குள் 'கு' ஒரே எழுத்து இல்லை. 'க' தனி, உகரக் குறி தனி. /^கு/ என்று எழுதுங்க. கூகாரமும் வேணும்னா /^(கு|கூ)/. லிண்டர் கத்துவது தொல்லை என்று அதை ஆஃப் பண்ணுகிறவர்களும் உண்டு.

சிஐயில் (கோடு ஏறும்போது தானே ஓடும் சோதனை) பிரெட்டியர் செக் முறையில் மட்டும் ஓடணும், திருத்தக் கூடாது. இஎஸ்லிண்டுக்கு மேக்ஸ்-வார்னிங்ஸ் 0, ஒரு எச்சரிக்கை இருந்தாலும் நிக்கணும்.

முதல் ஃபார்மட் தனி கமிட்டாக இருக்கட்டும், வேறு எந்த மாற்றமும் கலக்காமல். அதன் ஹாஷை (கமிட்டின் அடையாளக் குறி) கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ் கோப்பில் எழுதலேன்னா, ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றினவர் யார் என்று காட்டும் கிட் பிளேமில், ஃபார்மட்டில் மாறின எல்லா வரிக்கும் ஃபார்மட் பண்ணினவர் பெயர்தான் வரும். கிட்ஹப் அந்தக் கோப்பைத் தானே படிக்கும். லேப்டாப்பில் கிட் கான்ஃபிக்கில் சொல்லிக் கொடுக்கணும். ஸ்குவாஷ் மெர்ஜ் (கமிட்டுகளை ஒன்றாக்கிச் சேர்ப்பது) பண்ணினால் ஹாஷ் மாறிடும், அதனால் மெயின் பிராஞ்சில் விழுந்த பிறகு இருக்கும் ஹாஷையே எழுதுங்க.