சாய்ந்த வெளிச்சத்தில் ஸ்கை தீவு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய ஸ்கை தீவுக்குப் பெரும்பாலானவர்கள் கோடையில்தான் போகிறார்கள். இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால் சுற்றிப் பார்க்க வசதி. ஆனால் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு நான் நவம்பரைத்தான் சொல்வேன். வடக்கே 57 பாகைக்கு மேல் இருக்கிற இடம் அது. நவம்பர் நடுவில் உச்சிவேளையிலும் சூரியன் அடிவானத்துக்கு மேல் சுமார் 15 பாகைதான் ஏறும். மேகம் விலகினால் போதும், நாள் முழுக்கச் சாய்ந்த வெயில்தான். நிலத்தின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் நிழல் போட்டுக்கொண்டே இருக்கும்.

மேகம் விலகுவதுதான் கஷ்டம். அட்லாண்டிக்கிலிருந்து மழை வரிசையாக வரும். ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவே சில நிமிட வெயில், அவ்வளவுதான். அந்தச் சில நிமிடங்களுக்காக ஓரிடத்தில் நிலையாக நிற்க வேண்டும். தீவின் வடக்கே இருக்கும் ‘ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டோர்’ பாறையருகே அப்படித்தான் நின்றேன். சுமார் 50 மீட்டர் உயரமான ஒற்றைக் கல்தூண். கிட்டத்தட்ட 6 கோடி ஆண்டுகளுக்கு முன் பரவிய எரிமலைக் குழம்பு, தனக்குக் கீழே இருந்த மென்மையான பழைய படிவுப் பாறைகள் மேல் கெட்டியாகிப் பாரமாக உட்கார்ந்தது. பனியுகத்தின் பனிப்பாறைகள் உருகிய பிறகு, தாங்க முடியாமல் அந்த மலைப்பக்கமே சரிந்தது. சரிவில் விழாமல் மிஞ்சிய துண்டுதான் இந்தத் தூண். இன்னும் வடக்கே குவிரேங் பகுதியில் நிலம் இன்றும் நகர்கிறது. அதன் அடிவாரத்தில் ஃப்ளோடிகரி பக்கம் சாலையை அடிக்கடி சரிசெய்ய வேண்டியிருக்கிறது. ஸ்டோருக்குக் காலையிலேயே போய்விடுங்கள். கிழக்கு பார்த்த பாறை அது. மதியத்துக்கு மேல் முதுகுப்பக்கத்து மலை வெயிலை மறைத்துவிடும்.

காற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தவே முடியாது. கால்களை அகல விரித்து, தாழ்வாக வைத்து, காற்று வரும் பக்கம் நம் முதுகைக் கொடுத்து மறித்து நிற்க வேண்டும். லென்ஸ் துடைக்கப் பருத்தித் துணிகள் நிறைய வேண்டும். ஒன்று நனைந்தால் அன்றைக்கு அது காயாது. ஈரப் புல்லின் பளபளப்பைக் குறைக்க போலரைசர் ஃபில்டர் ரொம்ப உதவும். வானவில் வந்தால் மட்டும் கவனம், ஃபில்டரை ஒரு பக்கம் திருப்பினால் வானவில்லே காணாமல் போய்விடும். அப்புறம், ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய குறுகிய சாலைகளில் எதிர்வண்டிக்கு ஒதுங்க விட்டிருக்கும் இடத்தில் காரை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். ஆம்புலன்ஸும் அந்தச் சாலையில்தான் வர வேண்டும்.

இந்தத் தீவில் என்னை உலுக்கிய இடம் ஸ்டோர் அல்ல, போரெய்க். தெற்கே டோரின் போகும் சாலையில், கில்கிரைஸ்ட் என்ற இடிந்த தேவாலயத்தின் அருகிலிருந்து நடை தொடங்குகிறது. முன்பு சலவைக்கல் ஏற்றிச் சென்ற சிறு ரயில்பாதையின் தடத்தில் ஏறி, சதுப்பு மேட்டைக் கடந்தால் ஐஷோர்ட் கடல்கழி தெரியும். பழுப்பு நிறக் காட்டுப்புல்லுக்கு நடுவே திடீரென்று பச்சையாக ஒரு திட்டு, அதில் கூரையில்லாத கல்வீடுகள்.

நண்பகலில் அது வெறும் புல்சரிவாகத்தான் இருந்தது. சூரியன் தென்மேற்கே நகர்ந்து மேகம் கிழிந்தபோது சரிவு முழுக்கக் கோடுகள் எழுந்தன. மலையிலிருந்து கடல் நோக்கி அருகருகே இறங்கும் நீள மேட்டுப்பாத்திகள். கடற்பாசியைச் சுமந்து வந்து உரமாகப் போட்டு, மண்வெட்டியால் மண்ணை ஏற்றி உருளைக்கிழங்கு விளைவித்தவர்களின் உழைப்பு. ஏர் பிடிக்க முடியாத மண்ணில் கையாலேயே கட்டியவை. ஆள் போய் நூற்றெழுபது ஆண்டுகள் ஆகியும் வரப்பு அழியவில்லை.

1853இல் இந்த ஊரையும் பக்கத்து சுயிஸ்னிஷையும் நிலவுடைமையாளர் தரப்பு காலி செய்ய வைத்தது, ஆடு வளர்ப்பதற்காக. ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலண்ட்ஸ் எங்கும் அந்நூற்றாண்டில் நடந்த வெளியேற்றங்களில் இதுவும் ஒன்று. 1882இல் இதே தீவில், போர்ட்ரீ ஊருக்குத் தெற்கே, வெளியேற்ற உத்தரவை ஏற்காத பிரேஸ் கிராமத்தார் போலீசை எதிர்த்து நின்றார்கள். 1886இல் வந்த சட்டம்தான் சிறு விவசாயிகளைக் கண்டபடி வெளியேற்ற முடியாதபடி காத்தது. போரெய்க்காரர்களுக்கு அது முப்பது வருடம் தாமதம்.

ஸ்கை படங்களைப் பார்க்கும்போதெல்லாம் ‘மனிதன் தொடாத நிலம்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது கோபத்தையே தருகிறது. தொட்டவர்களைத் துரத்திய நிலம் அது. அதனால் போரெய்க்கில் வானத்தைக் குறைத்து, பாத்திகள் படச்சட்டம் முழுவதும் நிறையும்படி எடுத்தேன். லாங் லென்ஸ் போதும். வீட்டுச் சுவர்மேல் ஏறாதீர்கள், கற்கள் தளர்ந்திருக்கின்றன. நவம்பரில் நாலு மணி வாக்கில் சூரியன் போய்விடும். இரண்டரைக்குள் திரும்பி நடந்தால்தான் சதுப்பு மேட்டை வெளிச்சத்தில் தாண்டலாம். சுயிஸ்னிஷ் வரை சேர்த்து நடக்க நினைப்பவர்கள் ஏப்ரலில் போங்கள்.