கிரெடிட் கூடவே வந்தது, கிரேடு வரவில்லை

முதுகலைச் சேர்க்கைக்கான இணைய விண்ணப்பத்தை முதன்முறை நிரப்பியபோது, இதுவரை படித்த கல்லூரிகள் அனைத்தையும் குறிப்பிடுமாறு கேட்டிருந்த இடத்தில், எனக்குப் பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அமெரிக்காவில் என் இளநிலைப் படிப்பு மூன்று இடங்களில் நடந்தது. முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு சமுதாயக் கல்லூரியிலும் (இரண்டாண்டுப் படிப்புகளை நடத்தும் கல்லூரி), இடையில் ஒரு கோடையில் வேறொரு கல்லூரியில் ஒரே ஒரு பாடமும், கடைசி இரண்டு ஆண்டுகள் பல்கலைக்கழகத்திலும் படித்தேன். முந்தைய கிரெடிட்டுகளை, அதாவது முடித்த பாடங்களுக்கான அலகுகளை, பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டுவிட்டதால், பழைய கணக்கெல்லாம் புதிய கணக்கில் கரைந்துவிட்டது என்றே நம்பியிருந்தேன். விண்ணப்பத்தைப் பார்த்துத் தந்த பேராசிரியர், "மற்ற இரண்டு டிரான்ஸ்கிரிப்டும் எங்கே?" என்று கேட்ட பிறகுதான் என் பட்டத்துக்கான டிரான்ஸ்கிரிப்டை, அதாவது படித்த பாடங்களும் கிரேடுகளும் அடங்கிய பதிவேட்டை, முழுமையாக உட்கார்ந்து படித்தேன்.

அதன் முதல் பக்கத்தின் மேல்பகுதியில், என் இரண்டாண்டுப் படிப்பு ஒரு சிறு கட்டத்துக்குள் அடங்கியிருந்தது. சமுதாயக் கல்லூரியின் பெயர், அதன் கீழே பாடங்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே கிரெடிட் எண்ணிக்கை, கிரேடு இருக்க வேண்டிய இடத்தில் எல்லா வரிகளிலும் ஒரே மாதிரியாக ‘டிஆர்’ (டிரான்ஸ்ஃபர், வேறிடத்திலிருந்து மாற்றப்பட்டது) என்ற இரண்டெழுத்து. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பரவலாக உள்ள நடைமுறை இதுதான்: மாற்றப்படுவது கிரெடிட் மட்டுமே, கிரேடு அதைத் தந்த கல்லூரியிலேயே தங்கிவிடுகிறது, புதிய இடத்தின் ஜிபிஏ (கிரேடுகளின் சராசரிப் புள்ளி) கணக்கில் அது சேர்வதில்லை. என் டிரான்ஸ்கிரிப்டின் அடியில் அச்சாகியிருந்த 3.8 என்பது கடைசி இரண்டு ஆண்டுகளின் 3.8 மட்டுமே. முதல் பருவத்தில், இரவு நேர வேலை முடித்து நேராக வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில், நுண்கணிதத்தில் நான் வாங்கிய சி கிரேடு அந்தத் தாளில் எங்கும் இல்லை.

உண்மையைச் சொன்னால், அது இல்லாதது எனக்குச் சற்று நிம்மதியாகவே இருந்தது. அந்த நிம்மதி அடுத்த வரியைப் படிக்கும் வரையில்தான் நீடித்தது. அதே சமுதாயக் கல்லூரியில் நேரியல் இயற்கணிதத்தில் நான் வாங்கிய ஏ கிரேடும் அங்கே இல்லை. கிரேடு மட்டுமல்ல, பாடத்தின் பெயரே இல்லை. பல்கலைக்கழகத்தில் அதற்கு நேர் இணையான தொடக்க ஆண்டுப் பாடம் எதுவும் இல்லாததால், ‘கணிதம், விருப்பப் பாடம், 3 கிரெடிட்’ என்று பொதுப்பெயரில் பதிந்திருந்தார்கள். நான் விண்ணப்பித்ததோ புள்ளியியல் முதுகலைக்கு. அந்தத் துறையின் சேர்க்கைக் குழு முதலில் தேடுவதே நேரியல் இயற்கணிதத்தைத்தான். அவர்கள் இந்தத் தாளை மட்டும் பார்த்திருந்தால், அடிப்படைப் பாடம் படிக்காத மாணவன் என்று என்னை ஒதுக்கியிருக்கக் கூடும். பழைய டிரான்ஸ்கிரிப்டை மறைக்க வேண்டிய பொருளாக நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, என் தகுதிக்கான சாட்சியும் அதே காகிதத்தில்தான் இருக்கிறது என்பது அன்றுதான் உறைத்தது.

ஜிபிஏ கணக்குக்கு வருகிறேன். கோடைப் பாடத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், சமுதாயக் கல்லூரியில் 60 கிரெடிட்டுக்கு என் சராசரி 3.1, பல்கலைக்கழகத்தில் 60 கிரெடிட்டுக்கு 3.8, இரண்டையும் சேர்த்தால் 3.45. இதில் எந்த எண்ணை விண்ணப்பத்தில் எழுதுவது என்பதற்கு எல்லா இடங்களுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. பட்டம் தந்த நிறுவனத்தின் ஜிபிஏவைக் கேட்கும் இடங்களும் உண்டு, எல்லாக் கல்லூரிகளையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்லும் இடங்களும் உண்டு. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு, பட்டமேற்படிப்புக்கான பொதுத் தகுதியாக 2.5 கேட்கும்போது, கடைசியாகப் படித்த 60 செமஸ்டர் யூனிட்டுகளின் (கிரெடிட்டுகளின்) சராசரியையும் ஏற்றுக்கொள்கிறது. தாமதமாகத் தேறிய என்னைப் போன்றவர்களுக்கு அது நியாயமான அளவுகோல் என்றே எனக்குப் படுகிறது. சட்டமும் மருத்துவமும் வேறு உலகம். சட்டக் கல்லூரிகளுக்காக எல்சாக் அமைப்பும், மருத்துவக் கல்லூரிகளுக்காக ஆம்காஸ் சேவையும், படித்த இடங்களின் டிரான்ஸ்கிரிப்டுகளைத் தாமே வாங்கி, தம் விதிப்படி ஜிபிஏவைப் புதிதாகக் கணக்கிடுகின்றன. ஏ பிளஸ் கிரேடுக்கு எல்சாக் 4.33 தருகிறது, ஆம்காஸ் 4.0 மட்டுமே தருகிறது. ஒரு பாடத்தைத் திரும்பப் படித்துக் கிரேடை உயர்த்தியிருந்தாலும், ஆம்காஸ் கணக்கில் இரண்டு முயற்சிகளும் சேரும். பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிப் பாடம் எடுத்தவர்களின் கிரேடுகளும் இந்தக் கணக்குகளுக்குள் வந்துவிடும் என்பதைப் பதினாறு வயதுப் பிள்ளையிடம் யாரும் சொல்வதில்லை.

என் கோடைப் பாடம் கணினி நிரலாக்க அறிமுகம். அந்தக் கல்லூரி, ஆண்டை செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில் இயங்கியது. ஒரு குவார்ட்டர் கிரெடிட் என்பது செமஸ்டர் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே. ஆகவே அங்கே 4 கிரெடிட்டாக இருந்த பாடம், பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது 2.67 ஆகச் சுருங்கியிருந்தது. நான் விண்ணப்பித்த துறை ஒன்று 3 கிரெடிட் நிரலாக்கப் பாடத்தை முன்தகுதியாகக் கேட்டிருந்தது. துறையின் பட்டமேற்படிப்பு ஒருங்கிணைப்பாளருக்கு அந்தப் பாடத்தின் பாடத்திட்டத்தை இணைத்து ஒரு மின்னஞ்சல் எழுதினேன். உள்ளடக்கம் போதுமானது என்று இரண்டே நாளில் பதில் வந்தது. பாடத்திட்டத்தைப் பத்திரமாக வைத்திருந்தது தற்செயல்தான். பழைய மடிக்கணினியைத் தூக்கிப்போடாத என் சோம்பலுக்கு நன்றி.

அதே கல்லூரியிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் வாங்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது. நூலகத்துக்கு நான் செலுத்தாமல் விட்ட ஒரு சிறு தொகைக்காக, என் கணக்கின் மீது ஆண்டுக்கணக்கில் தடை போட்டு வைத்திருந்தார்கள். அதைப் பற்றி எனக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை. நிலுவைத் தொகையைக் காரணம் காட்டி டிரான்ஸ்கிரிப்டை நிறுத்திவைப்பதைக் கலிஃபோர்னியா 2020 முதல் சட்டப்படி தடை செய்திருக்கிறது. நான் படித்தது அந்த மாநிலத்தில் அல்ல. பணத்தைச் செலுத்தி, தடை நீங்கி, ரிஜிஸ்ட்ரார் (பதிவாளர்) அலுவலகம் ஆவணத்தை அனுப்ப மூன்று வாரம் ஆனது. நல்லவேளையாக, பல பட்டமேற்படிப்புத் துறைகள் விண்ணப்பிக்கும்போது மாணவரே பதிவேற்றும் நகலை ஏற்றுக்கொண்டு, இடம் கிடைத்த பிறகே அதிகாரபூர்வமான பிரதியைக் கேட்கின்றன. அதிகாரபூர்வம் என்றால் ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்திலிருந்தோ, பார்ச்மென்ட், நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ் போன்ற, ஆவணங்களை இணையவழி அனுப்பும் சேவைகள் வழியாகவோ நேராகப் போய்ச் சேர்ந்தது என்று பொருள். முத்திரையிட்ட உறையை நாமே பிரித்துவிட்டால், உள்ளே இருப்பது அதே தாள்தான் என்றாலும் அது செல்லாது.

ஒரே ஒரு கோடைப் பாடம்தானே, சொல்லாமல் விட்டால் என்ன என்று நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கும் அந்த எண்ணம் வராமலில்லை. ஆனால் விண்ணப்பத்தின் இறுதியில் தகவல்கள் முழுமையானவை என்று கையொப்பம் இடுகிறோம். கிளியரிங்ஹவுஸ் பதிவுகளின் மூலம் ஒருவர் எங்கெல்லாம் சேர்ந்து படித்தார் என்பதைப் பல்கலைக்கழகங்களால் பார்க்கவும் முடியும். மறைத்தது தெரியவந்தால் கொடுத்த இடத்தையே திரும்பப் பெறலாம். ஒரு கோடைப் பாடத்துக்கு அவ்வளவு விலை கொடுக்கத் தேவையில்லை.

நுண்கணிதத்தில் வாங்கிய அந்த சி கிரேடைப் பற்றி என்ன எழுதுவது என்பதில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். முதலில் எழுதிய விளக்கம் ஒன்றரைப் பக்கம் நீண்டது. இரவு வேலை, பேருந்துப் பயணம், தூக்கமின்மை எல்லாம் அதில் இருந்தன. பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, காரணத்துக்கு ஒரு வாக்கியமும் அதன் பிறகு நடந்ததற்கு இரண்டு வாக்கியங்களும் போதும் என்றார். அந்தப் பருவத்தில் முழுநேர வேலை பார்த்தேன் என்பதையும், அதற்குப் பின் எடுத்த நேரியல் இயற்கணிதம், பல்மாறி நுண்கணிதம் இரண்டிலும் ஏ வாங்கினேன் என்பதையும், பல்கலைக்கழக டிரான்ஸ்கிரிப்டில் விருப்பப் பாடம் என்றிருப்பது உண்மையில் எந்தப் பாடம் என்பதையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன். ஏன் படிக்க விரும்புகிறேன் என்று விளக்கும் நோக்க அறிக்கையில் சேர்க்காமல், கூடுதல் தகவல்களுக்கென விண்ணப்பத்தில் இருந்த தனிப் பெட்டியில் அதை இட்டேன். நான்கு இடங்களுக்கு விண்ணப்பித்து இரண்டில் இடம் கிடைத்தது. அவற்றில் ஒன்றிலிருந்து வந்த கடிதம், மூன்று கல்லூரிகளின் அதிகாரபூர்வமான டிரான்ஸ்கிரிப்டுகளும் வந்து சேரும் வரை என் சேர்க்கை நிபந்தனைக்குட்பட்டது என்றது, அந்த 2.67 கிரெடிட் கோடைப் பாடத்தின் தாளும் அந்த மூன்றில் ஒன்று.