டெஸ்க்டாப்பில் சேமித்த இயல்

ஆய்வுக்குச் சேர்ந்தபோது என்னிடம் இருந்த ஒரே கணினி, 2017-இல் பிளஸ் டூ முடிக்கையில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 2024 கடைசியில் அதன் பேட்டரி உப்பிப்போய், சார்ஜரைப் பிடுங்கினால் அந்த நொடியே அணைந்துவிடும். அதனால் பல்கலைக்கழகக் கணினி மையமே கதி என்று காலை பத்து மணிக்கே போய் உட்கார்ந்துவிடுவேன்.

மூன்றாவது நாளே அடி விழுந்தது. தென்மாவட்டக் கண்மாய்கள் பற்றிய இரண்டாம் இயலில் பதினான்கு பக்கம் அடித்து, டெஸ்க்டாப்பில் சேமித்துவிட்டு விடுதிக்குப் போனேன். மறுநாள் அதே நாற்காலி, அதே கணினி. கோப்பு மட்டும் இல்லை. மையத்தில் இருக்கும் அண்ணன் எட்டிப் பார்த்தார். "டெஸ்க்டாப்லயாம்மா வச்சே? ரீஸ்டார்ட் ஆனா எல்லாம் போயிடும்."

வைரஸுக்குப் பயந்து பொதுக் கணினிகளை இப்படி உறைய வைத்துவிடுகிறார்களாம். அணைத்துப் போட்டால் முதல் நாள் நிலைக்கே திரும்பிவிடும். ஏற்பாடு சரியானதுதான், குறை சொல்ல முடியாது. அதை ஒரு துண்டுத்தாளில் எழுதி மானிட்டர் மேல் ஒட்டியிருக்கலாம்.

"டிரைவ்ல, நெட்லயே சேமிக்கிற இடத்துல, போட வேண்டியதுதானே, யுனிவர்சிட்டி மெயில் ஐடி வாங்கலையா?" என்று அவர் கேட்டபோதுதான் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியும்.

விண்ணப்பம் ஒரே பக்கம். நெறியாளர் கையெழுத்து, துறைத்தலைவர் கையெழுத்து, துறை முத்திரை, கட்டண ரசீது ஜெராக்ஸ். நெறியாளர் கருத்தரங்குக்குப் போயிருந்தார், ஒரு வாரம் அதில் கழிந்தது. அப்புறம் பெயர். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள், இரண்டையும் நிரப்பியே ஆக வேண்டும். எனக்கு இருப்பது ஒரு பெயர், ஒரு இனிஷியல். அப்பா பெயரைக் கடைசிக் கட்டத்தில் எழுதினேன். ஐடி வந்தபோது அப்பா பெயர் முன்னால் நின்றது. இன்றுவரை நான் மின்னஞ்சல் அனுப்பினால் அப்பா அனுப்பியதாகத்தான் எல்லோருக்கும் தெரிகிறது. திருத்தக் கேட்டால் மறுபடி முத்திரையிலிருந்து தொடங்க வேண்டும் என்றார்கள். விட்டுவிட்டேன்.

விடுதி வைஃபைக்கு இன்னொரு படிவம். அதில் செல்பேசியின் மேக் எண்ணை, அதாவது வலையமைப்பு அந்தச் சாதனத்தை அடையாளம் காணும் எண்ணை, எழுதித் தர வேண்டும். அமைப்புகளுக்குள் போய்த் தேடி எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து எழுதிக் கொடுத்தேன். பதிவாகிவிட்டது என்றார்கள், ஆனால் இணையவில்லை. நான்கு நாள் கழித்துப் பக்கத்து அறை கணினி அறிவியல் அக்காதான் கண்டுபிடித்தார். ஆண்ட்ராய்டு 10 முதல் வந்த செல்பேசிகள், பின்தொடர்வதைத் தடுக்க, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக் எண்ணைக் காட்டுமாம். நான் எழுதிக் கொடுத்ததோ உண்மையான எண். அந்த வைஃபையின் பெயரைத் தொட்டு, தனியுரிமை என்ற இடத்தில் சாதனத்தின் சொந்த மேக் என்று மாற்றியதும் இணைந்துகொண்டது. அந்த வாரம் எங்கள் மாடியில் ஆறு பேருக்கு நான் மாற்றிக் கொடுத்தேன்.

மின்னஞ்சல் ஐடி எதற்கெல்லாம் சாவி என்பது 2025 தொடக்கத்தில்தான் புரிந்தது. அந்த ஜனவரியில் 'ஒரே நாடு ஒரே சந்தா' நடைமுறைக்கு வந்தது. முப்பது பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களில் இருப்பவர்கள் படிக்கலாம். வளாகத்துக்குள் எந்தத் தடையும் இல்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போய் அதே கட்டுரையைத் திறந்தால் டாலரில் விலை கேட்டது. வெளியிலிருந்து படிக்க, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் காந்திநகர் மையமான இன்ஃபிளிப்நெட் நடத்தும் 'இன்ஃபெட்' என்ற உள்நுழைவு ஏற்பாட்டின் வழியாக நுழைய வேண்டுமாம். பதிப்பகத்தின் பக்கத்திலேயே நிறுவனம் வழியாக உள்நுழையும் வாசல் இருக்கும், அங்கே நம் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் அதற்கு முன் கணக்கைப் பதிவு செய்து, நூலகத்தில் இதற்குப் பொறுப்பானவர் அதை ஏற்க வேண்டும். ஒன்பது நாள் மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்தாம் நாள் நேரில் போய் நின்றேன். "இப்படிப் பெயர்ல ஒரு ஆம்பளை இருக்காரேன்னு நிறுத்தி வச்சேன்" என்றார். அப்பாதான்! இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். என் ஆய்வுக்கு அதிகம் உதவியவை எந்தக் கடவுச்சொல்லும் கேட்காதவை. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் பழைய ஆய்வேடுகள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள். இந்த இரண்டுக்கும் கையெழுத்தும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம்.

கடைசிச் சிக்கல் எழுத்துரு. எங்கள் துறையில் பலரும் வெளியே டிடிபி கடையில் கொடுத்து பாமினியில் அடித்து வாங்குவார்கள். ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திய பழைய எழுத்துரு அது. கருத்துத்திருட்டுச் சோதனைக்கு அது ஆகாது. பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல் கணினிக்கு ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். ஒப்பிடுவதற்கு அதில் தமிழே கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி, பிறர் எழுதியதோடு ஒற்றுமை பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் தொந்தரவில்லை. ஒரு சீனியருக்குச் சுழியம் வந்து, ஏன் சுழியம் என்று விளக்கம் கேட்டார்கள்.

நான், கணினி தமிழைத் தமிழாகவே அறியும் யூனிகோடு முறையில், தமிழ்99 விசைப்பலகையில் அடித்தேன். விண்டோஸிலேயே அது இருக்கிறது, மொழி அமைப்பில் சேர்த்துக்கொண்டால் போதும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கணினிதான் தினமும் எல்லாவற்றையும் மறந்துவிடுமே, அதனால் தினமும் காலையில் முதல் வேலையாகத் தமிழைச் சேர்ப்பேன். அரை நிமிடம் ஆகும்.

இப்போது ஆய்வேடு கொடுத்தாகிவிட்டது. பட்டம் வந்ததும் மின்னஞ்சல் ஐடியை மூடிவிடுவார்களாம், டிரைவில் இருப்பதும் அதோடு போய்விடும். எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவுக்கு இறக்கிக்கொண்டிருக்கிறேன். கண்மாய்ப் படங்கள் மட்டுமே பதினோரு ஜிபி, விடுதி வைஃபையில் இன்னும் பாதி பாக்கி.