ஜெய்சல்மேர்: மஞ்சள் கல்லும் மழைநீரும்

ஜோத்பூரில் இரவு ஏறிய ரயில் பொழுது விடியும் நேரத்தில் எங்களை ஜெய்சல்மேரில் இறக்கிவிட்டது. டிசம்பர் மாதக் குளிரில் என் தந்தை கம்பளித் துண்டைக் காதுவரை இழுத்துச் சுற்றிக்கொண்டார். நீர்ப்பாசனத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். வாழ்நாள் முழுவதும் ஏரிக்கரை, மதகு, கலிங்கு என்றே பேசிப் பழகியவர். பாலைவன நகரம் ஒன்றைப் பார்த்து வரலாம் என்று நான் சொன்னபோது, கோட்டையைப் பற்றியோ அரண்மனையைப் பற்றியோ அவர் எதுவும் கேட்கவில்லை. “அந்த ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்தும்மா வந்தது?” என்று மட்டுமே கேட்டார். நான்கு நாள் பயணத்தில் நாங்கள் எங்கே சென்றாலும் அந்தக் கேள்வியும் கூடவே வந்தது.

அதனால் கோட்டைக்குப் போவதற்கு முன்பாகவே கடிசர் ஏரிக்குப் போனோம். நகரை 1156-ஆம் ஆண்டில் நிறுவிய ராவல் ஜெய்சல் காலத்திலேயே தொடங்கி, 14-ஆம் நூற்றாண்டில் மகாராவல் கடசி சிங் விரிவாகத் திருத்தியமைத்த நீர்த்தேக்கம் இது. ஏரியின் பெயரும் அவர் பெயரிலிருந்தே வந்தது. குழாய் நீர் வருவதற்கு முன்னால் இந்த நகரம் குடித்ததெல்லாம் பெரும்பாலும் இந்த ஏரி நீரைத்தான். படித்துறைகளும் நீருக்குள் நிற்கும் கல் மண்டபங்களும் முதல் வெயிலில் மஞ்சள் நிறம் கொள்ளத் தொடங்கியபோது, அங்கிருந்தவர்கள் எல்லோரும் அவற்றைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் தந்தையோ ஏரிக்கு எந்தப் பக்கத்திலிருந்து நீர் வரும் என்பதைத் தேடிக் கரையோடு நடந்துகொண்டிருந்தார். சுற்றிலும் உள்ள நிலம் கூழாங்கல்லும் கெட்டிப் பாறையுமாக இருப்பதால், பெய்யும் கொஞ்ச மழையும் மண்ணுக்குள் இறங்காமல் சரிவை நோக்கி ஓடி வந்துவிடும் என்பதை அவர் அரை மணி நேரத்தில் கண்டுகொண்டார். ஆண்டுக்கு 200 மில்லிமீட்டரை எட்டுவதே அரிதான மழையை நம்பி ஒரு தலைநகரம் எழுந்ததற்கு அந்தக் கெட்டி நிலமும் ஒரு காரணம்.

ஏரியின் நுழைவாயிலுக்கு ‘தீலோன் கி போல்’ என்று பெயர். தீலோன் என்ற கணிகை தன் சொந்தப் பணத்தில் அதைக் கட்டினார் என்றும், அந்த வாயிலின் கீழே நடந்து செல்வது தங்கள் மதிப்புக்கு இழுக்கு என்று அரச குடும்பத்தினர் எதிர்த்ததால், யாரும் இடிக்க முடியாதபடி அதன் உச்சியில் கண்ணனுக்கு ஒரு சிறு கோயிலை எழுப்பிவிட்டார் என்றும் கதை சொல்கிறார்கள். ஊருக்கு நீர் தந்த ஏரியின் வாசலில் ஒரு பெண்ணின் பெயர் இன்றும் நிலைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

திரிகூட மலை என்று அழைக்கப்படும் சிறு குன்றின் மீது, 99 கொத்தளங்கள் வரிசையாக வளைந்து நிற்க, கோட்டை எழுந்திருக்கிறது. ராஜஸ்தானின் மலைக்கோட்டைகள் என்ற தொகுதியில் 2013-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஆறு கோட்டைகளில் இதுவும் ஒன்று. பாட்டி என்னும் குலத்து ராஜபுத்திரர்கள் தங்கள் பழைய தலைநகரான லோத்ருவாவை விட்டு இங்கே இடம் மாறியதற்குப் பாதுகாப்பே முதன்மையான காரணம். நான்கு வாயில்களையும் அடுத்தடுத்துக் கடந்து மேலே ஏறும்போது, பாதை நேராகச் செல்லாமல் திரும்பித் திரும்பிச் செல்கிறது; யானைகளும் குதிரைகளும் விரைந்து வந்து கதவை மோத முடியாதபடி செய்த ஏற்பாடு அது. உள்ளே நுழைந்தால் வேறு பல கோட்டைகளில் காண முடியாத ஒரு காட்சி. வீடுகளில் துணி உலர்கிறது, பிள்ளைகள் புத்தகப் பையோடு பள்ளிக்கு ஓடுகிறார்கள், சந்தின் நடுவில் ஒரு பசு படுத்திருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழ்கிறார்கள்.

கோட்டைக்குள் இருக்கும் சமணக் கோயில்களில் பார்சுவநாதர் கோயிலின் தோரணத்தின் கீழே வெகுநேரம் நின்றேன். ஒரு விரல் அகலத்துக்குள் நடனமாடும் உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். கல்லில் அல்ல, மெழுகில் செய்ததோ என்று தோன்றும் அளவுக்கு அவற்றின் முழங்கால்களும் வளையல்களும் துல்லியமாக இருக்கின்றன. சம்பவநாதர் கோயிலின் அடியில் ஞான பண்டாரம் என்னும் ஓலைச்சுவடி நூலகம் இருக்கிறது. படையெடுப்புகளுக்கு அஞ்சிய காலத்தில், எளிதில் எட்ட முடியாத இந்தப் பாலைவன ஊரையே சுவடிகளுக்குப் பாதுகாப்பான இடமாகச் சமணர்கள் கருதினார்கள். வறண்ட காற்று ஓலைகளுக்கு மற்றொரு காவலாக அமைந்தது.

கோட்டைக்குள் தங்கும் விடுதிகள் நிறைய இருந்தும், நாங்கள் வெளியே, அடிவாரத்தில்தான் அறை எடுத்தோம். அதற்குக் காரணம் உண்டு. இந்தக் குன்று மென்மையான மணற்பாறையும் களிமண்ணும் கலந்த அடுக்குகளால் ஆனது. வீட்டுக்குச் சில குடங்கள் என்று கீழிருந்து நீர் சுமந்து வந்த காலத்தில் அது எந்தப் பாதிப்பும் இல்லாமல் நின்றது. குழாய் வந்து, கழிப்பறையும் குளியலறையும் பெருகி, விடுதிகள் கூடியபோது, பழைய சாக்கடைகள் தாங்காமல் கசிந்த நீர் குன்றின் அடிக்குள் இறங்கத் தொடங்கியது. களிமண் ஊறி நெகிழ்ந்தது. சில கொத்தளங்கள் சரிந்தும் விழுந்தன. ஆபத்தில் உள்ள நினைவுச்சின்னங்களை உலக நினைவுச்சின்ன நிதியம் பட்டியலிட்டபோது, 1996-லேயே இந்தக் கோட்டையும் அதில் இடம்பெற்றுவிட்டது. பிறகு வடிகால்களைச் சீரமைக்கும் பணிகள் நடந்திருக்கின்றன. ஆனாலும், நீர் இல்லாமை என்னும் நிலையை எண்ணூறு ஆண்டுகள் வென்று நின்ற ஒரு கோட்டையைத் தண்ணீரே கரைக்கிறது என்பதை அந்த மதில்களின் அருகே நின்று நினைக்கையில் மனம் கனத்துப் போகிறது. ஈரம் ஏறிக் கருத்திருந்த ஒரு சுவரின் அடியில் என் தந்தை உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கையை எடுத்தபோது விரல்களில் மணல் ஒட்டியிருந்தது.

மறுநாள் ஹவேலிகள் என்னும் பழைய மாளிகைகளைப் பார்த்தோம். குமான் சந்த் பட்வா என்ற வணிகர் 1805-இல் தொடங்கிவைத்த ஐந்து மாளிகைகளின் தொகுதியான பட்வோன் கி ஹவேலியைக் கட்டி முடிக்க அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆனது. ஒட்டகச் சாத்துகள் என்னும் வணிகக் கூட்டங்கள் இந்த ஊர் வழியாகச் சிந்துவுக்கும் அதற்கு அப்பாலும் சரக்கு ஏற்றிச் சென்ற நாளில் சேர்ந்த செல்வம் அது. பம்பாய்த் துறைமுகம் வளர்ந்து வணிகம் கடல்வழிக்கு மாறியதும் சாத்துகள் குறைந்தன, வணிகர்களும் ஊரை விட்டுப் போனார்கள். பலகணிகளின் சல்லடைக் கற்களை உள்ளிருந்து தொட்டுப் பார்த்தேன். வெளியே வெயில் கொளுத்தினாலும், அந்தச் சிறு துளைகளின் வழியே வரும் காற்று சற்றே குளிர்ந்து முகத்தில் படுகிறது. சுண்ணாம்புச் சாந்து அதிகம் இல்லாமல், ஒரு கல்லின் நாக்கை மறு கல்லின் குழியில் பொருத்தியே பல இடங்களில் கட்டியிருப்பதை எங்கள் வழிகாட்டி காட்டினார். சாந்து குழைக்கவும் தண்ணீர் வேண்டும் அல்லவா என்றார் அவர். என் தந்தை அந்தக் கல் இணைப்பில் நகத்தை நுழைக்க முயன்று, முடியாமல் சிரித்தார்.

சலீம் சிங் ஹவேலியையும் நத்மல் ஹவேலியையும் விரைவாகவே பார்த்து முடித்தோம். மதிய உணவில் கேர் சாங்கரி வந்தது. சாங்கரி என்பது நம் வன்னி மரத்தின் காய்தான். அங்கே அதைக் கேஜ்ரி என்கிறார்கள். காயவைத்துச் சேமித்த அந்த மெல்லிய காய்களையும், கேர் என்னும் முட்புதரின் சிறு காய்களையும் ஊறவைத்து, எண்ணெயும் மிளகாயும் புளிப்பும் சேர்த்துச் செய்கிறார்கள். பஞ்ச காலத்தில் வேறு எதுவும் விளையாதபோதும் காய்ப்பவை இவை இரண்டும் என்று பரிமாறியவர் சொன்னார். கம்பு ரொட்டியோடு இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம்.

மூன்றாம் நாள் காலை, நகருக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டர் தொலைவில் உள்ள குல்தாராவுக்குப் போனோம். பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்து, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிட்டுப்போன ஊர் இது. திவான் சலீம் சிங்கின் கொடுமை தாங்காமல் 84 ஊர் மக்களும் ஒரே இரவில் சாபமிட்டுப் போய்விட்டார்கள் என்ற கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். பேய் நடமாடும் ஊர் என்ற பெயரும் அதற்கு வந்துவிட்டது. வரி நெருக்கடி, கிணறுகள் வற்றியது, நிலநடுக்கம் என்று ஆய்வாளர்கள் வேறு காரணங்களையும் முன்வைக்கிறார்கள். கூரையற்ற அந்த வீட்டு வரிசைகளின் நடுவே நிற்கும்போது எனக்கு அச்சம் எதுவும் தோன்றவில்லை. நேராக வகுத்த தெருக்களையும், வாசலை ஒட்டி வண்டி நிறுத்த விட்ட இடத்தையும் பார்க்கும்போது, இவ்வளவு திருத்தமாக வாழ்ந்தவர்கள் எத்தனை துயரத்தோடு இதை விட்டுப் போயிருப்பார்கள் என்றுதான் தோன்றியது. பேய்க் கதைக்காக மட்டும் இந்த ஊரைப் பார்க்க வருவது பாலிவால்களுக்கு நாம் செய்யும் அநியாயம் என்பது என் கருத்து.

அவர்களுடைய உண்மையான பெருமை ஊருக்கு வெளியே இருக்கிறது. எங்கள் ஓட்டுநர், தன் உறவினர் உழும் நிலம் என்று சொல்லி, சாலையிலிருந்து விலகி ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினார். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை சரளைக்கல் பொட்டலாக இருந்த நிலத்தின் தாழ்ந்த முனையில், ஆள் உயரத்துக்கு ஒரு மண்கரை நீண்டு கிடந்தது. கரைக்கு உட்புறம் இளம் கோதுமை பச்சைப் பசேலென்று நின்றது! இதைக் காதீன் என்கிறார்கள்; 15-ஆம் நூற்றாண்டு முதலே பாலிவால்கள் இப்பகுதியில் பின்பற்றிய முறை. மழைக்காலத்தில் மேட்டுப் பொட்டலில் விழும் நீர் முழுவதும் வழிந்து வந்து கரையில் தேங்குகிறது. அதிகமானால் கலிங்கு வழியாக வெளியேறுகிறது. வந்த நீர் அடித்து வந்த வண்டலையும் அங்கேயே படியவிடுகிறது. குளிர்காலம் வருவதற்குள் நீர் மண்ணுக்குள் இறங்கிவிட, அந்த ஈரத்தை மட்டுமே நம்பிக் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைக்கிறார்கள். அதன்பின் பாசனம் என்று எதுவும் கிடையாது.

என் தந்தை கரைமேல் ஏறி, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார். திரும்பி வந்து, குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் உருட்டினார். அது உருண்டையாக நின்றது. “இது ஏரி இல்லைம்மா, வயலும் இல்லை. இரண்டும் ஒன்றாக இருக்கிறது. நாங்கள் ஏரியில் தேக்கி வயலுக்கு அனுப்புவோம். இவர்கள் ஏரிக்குள்ளேயே விதைக்கிறார்கள். ஆவியாகிப் போவதற்கு நீரை வெளியே வைப்பதே இல்லை,” என்றார். அவர் இப்படித் தொடர்ந்து பேசிக் கேட்டு வெகு நாட்கள் ஆகியிருந்தன. ஓட்டுநர் தன் ஊரில் வழங்கும் பழமொழி ஒன்றைச் சொன்னார்: நெய் சிந்தினால் ஒன்றும் குறைந்துவிடாது, தண்ணீர் சிந்தினால்தான் நெஞ்சு எரியும்.

அன்று மாலை, நகரிலிருந்து 40 கிலோமீட்டர் மேற்கே உள்ள சம் மணல்மேடுகளுக்குப் போனோம். நாங்கள் பதிவு செய்திருந்த கூடார விடுதியில் ஒலிபெருக்கியின் இரைச்சல் நள்ளிரவுவரை ஓயவில்லை. மணலெங்கும் பிளாஸ்டிக் கிண்ணங்கள் சிதறிக் கிடந்தன. அமைதி வேண்டுவோர் கூட்டம் குறைவான கூரி என்ற ஊர்ப் பக்கம் போவதே நல்லது. ஆனாலும் அந்த இரவில் ஒரு நல்ல வாய்ப்பு கிடைத்தது. அடுத்த மேட்டில் இரண்டு மாங்கணியார் பாடகர்கள் நெருப்பின் அருகே அமர்ந்திருந்தார்கள். இசுலாமியர்களான இவர்கள், தங்களை ஆதரிக்கும் ராஜபுத்திரக் குடும்பங்களின் பிறப்பு, திருமணம் ஆகிய எல்லா நிகழ்வுகளுக்கும் வழிவழியாகப் பாடி வருபவர்கள். பெரியவர் மாமரக் கட்டையில் குடைந்து ஆட்டுத்தோல் போர்த்திய கமாய்ச்சாவை வில்லால் இழுக்க, இளைஞர் கர்தால் கட்டைகளை விரலிடுக்கில் படபடக்கச் செய்தார். அவர்கள் பாடிய ஒரு பாட்டு மழையை அழைப்பது என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

சம் செல்லும் வழியில் இருப்பது, 3,162 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பாலைவனத் தேசியப் பூங்கா. கோதாவன் என்று அங்கே அழைக்கும் கானமயில் அழிவின் விளிம்பில் நின்று கடைசியாக வாழும் இடங்களுள் முக்கியமானது இது. கனத்த உடலும் முன்புறம் சரியாகப் பார்க்க இயலாத கண்களும் உள்ள அப்பறவை மின்கம்பிகளில் மோதி இறப்பதால், கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுசெல்வது பற்றி 2021-இல் உச்ச நீதிமன்றமே ஆணையிட வேண்டிவந்தது. தொலைநோக்கியோடு இரண்டு மணி நேரம் காத்திருந்தும் எங்களுக்கு அது காணக் கிடைக்கவில்லை. தனோட் கோயிலுக்கும், 1971 போர் நடந்த லோங்கேவாலாவுக்கும் செல்ல ஒரு முழு நாள் வேண்டும் என்பதால் அவற்றை விட்டுவிட்டோம்.

கடைசி நாளில், பார்மேர் சாலையில் 17 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆகல் மரப்படிவப் பூங்காவில் வேறு யாருமே இல்லை. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே நின்ற காட்டின் மரங்கள் கல்லாகி, கம்பிக் கூண்டுகளுக்குள் கிடக்கின்றன. ஒன்றின் நீளம் 13 மீட்டருக்கும் மேல். பட்டையின் வரிகளும் கிளை முறிந்த கணுவும் அப்படியே தெரிகின்றன. தட்டினால் மட்டும் கல்லின் ஓசை. இத்தனை பெரிய மரங்கள் வளர எவ்வளவு மழை பெய்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே என் தந்தை ஒவ்வொரு கூண்டாகச் சுற்றி வந்தார்.

ரயில் இரவில்தான் என்பதால், மாலையில் மீண்டும் ஒருமுறை கோட்டைக்குள் ஏறினோம். சமணக் கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில், ஒரு தெருக் குழாயின் வாயிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே கல்லில் அது விழுந்த இடம் கிண்ணம் போலக் குழிந்து, அங்கிருந்து ஒரு ஈரக்கோடு மதிலை நோக்கிப் போயிற்று. என் தந்தை குழாயை இறுக்கிப் பார்த்தார். உள்ளே வாஷர் தேய்ந்திருந்ததால் நிற்கவில்லை. எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்த பாட்டி எங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே சென்று, ஒரு பித்தளைச் சொம்பைக் கொண்டுவந்து அதன் கீழே வைத்தார். அது நிறைவதற்கு முன்பே நாங்கள் இறங்க வேண்டியிருந்தது.